இரண்டு பட்டியல்கள் சேர்ந்தால் ஒப்பீடு ஆகிவிடுமா?

வாசகர் கேள்வி:

துவாஸில் ஒரு கப்பல் பட்டறையில் மேற்பார்வையாளராக வேலை செய்கிறேன். சொந்த ஊர் தஞ்சாவூர்ப் பக்கம். ஐந்து ஆண்டுகள் தங்குவிடுதியில் இருந்தேன். பன்னிரண்டு பேர் ஓர் அறையில், தூங்கும் நேரம்வரை பேச்சுத் துணைக்குக் குறைவிருந்ததில்லை. இப்போது ஊட்லண்ட்ஸில் ஒரு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் அறை எடுத்திருக்கிறேன். நான் மட்டும்தான், படிக்க வசதியாக இருக்கிறது, ஆனால் ஞாயிற்றுக்கிழமைகள் நீளமாகிவிட்டன. மாலை நேரப் பட்டயப் படிப்பில் சேர்ந்திருக்கிறேன். ஆங்கிலப் பாடத்தில், சிங்கப்பூரில் உள்ள இரண்டு இடங்களை ஒப்பிட்டு ஒரு பத்தி எழுதச் சொன்னார்கள். பூமலையையும் (பொட்டானிக் கார்டன்ஸ்) கரையோரப் பூந்தோட்டங்களையும் (கார்டன்ஸ் பை தி பே) எடுத்துக்கொண்டு, இணையத்தில் தகவல் திரட்டி, 'ஹவெவர்', 'ஆன் தி அதர் ஹேண்ட்' போன்ற இணைப்புச் சொற்களையும் மறக்காமல் போட்டு எழுதினேன். 20க்கு 9தான் கிடைத்தது. 'இவை இரண்டு பட்டியல்கள், ஒப்பீடு எங்கே?' என்று விரிவுரையாளர் ஓரத்தில் எழுதியிருந்தார். ஒரு வாரத்தில் திருத்தித் தரலாமாம். பத்தியை இணைத்திருக்கிறேன். இதில் என்ன குறை? இணைப்புச் சொற்கள் போதவில்லையா? தமிழில் யோசித்துவிட்டு ஆங்கிலத்தில் எழுதுவதால்தான் இப்படி ஆகிறது என்று உடன் படிப்பவர்கள் சொல்கிறார்களே, அது உண்மையா?

பி.சு., ஊட்லண்ட்ஸ்

பதில்:

உங்கள் பத்தியில் இலக்கணப் பிழை என்று சொல்லத்தக்கவை இரண்டே இரண்டு. அவையும் ஒரே வாக்கியத்தில் அடுத்தடுத்து நிற்கின்றன. எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை. அப்படியிருந்தும் மதிப்பெண் பாதியைத் தொடவில்லை என்றால், குறை மொழியில் இல்லை, பேனாவைக் கையில் எடுப்பதற்கு முந்திய கட்டத்தில் இருக்கிறது என்றுதான் பொருள். விரிவுரையாளரின் குறிப்பு சரியானதே. அவர் இன்னும் இரண்டு வரி விளக்கியிருக்கலாம் என்பது என் கருத்து. ஆனால், பகலெல்லாம் பாடம் நடத்திவிட்டு இரவு பத்து மணிக்குமேல் தாள் திருத்துகிறவர்கள் ஓரத்தில் எவ்வளவு எழுதுவார்கள் என்பதை, அந்த வேலையைப் பல ஆண்டுகள் செய்தவன் என்ற முறையில் நானும் அறிவேன்.

மற்ற வாசகர்களும் பின்தொடர்வதற்காக, நீங்கள் ஆங்கிலத்தில் எழுதியிருந்ததன் சாரத்தைத் தமிழில் தருகிறேன். 'பூமலைக்கும் கரையோரப் பூந்தோட்டங்களுக்கும் இடையே பல ஒற்றுமைகளும் வேற்றுமைகளும் உள்ளன. பூமலை 1859இல் தொடங்கப்பட்டது. அங்கே தேசிய ஆர்க்கிட் தோட்டம் உள்ளது. 2015இல் யுனெஸ்கோ அதை உலக மரபுடைமைத் தலமாக அறிவித்தது. மறுபுறம், கரையோரப் பூந்தோட்டங்களில் 18 சூப்பர்ட்ரீகள் (செடிகள் படரும் மர வடிவக் கட்டுமானங்கள்) உள்ளன. அதன் பரப்பளவு பூமலையைவிடப் பெரியது. இருப்பினும், அங்கே கட்டணம் உண்டு. இரவில் ஒளிக்காட்சி அழகாக இருக்கும். முடிவாக, இரண்டுமே அழகான இடங்கள்.'

ஒவ்வொரு வாக்கியத்துக்கும் அருகில் அதன் இணை எங்கே என்று தேடிப் பாருங்கள். பூமலை 1859இல் தொடங்கியது என்கிறீர்கள். மற்றது 2012இல் திறக்கப்பட்டது என்பது பத்தியில் எங்குமே இல்லை. ஒன்றில் ஆர்க்கிட் தோட்டம் இருக்கிறது, மற்றொன்றில் சூப்பர்ட்ரீ இருக்கிறது என்கிறீர்கள். எதை முன்வைத்து அவை இரண்டும் எதிரெதிரே நிற்கின்றன என்பதைச் சொல்லவில்லை. 'மறுபுறம்' என்று எழுதியிருக்கிறீர்களே, எதற்கு மறுபுறம்? யுனெஸ்கோ அறிவிப்புக்கு மறுபுறம் சூப்பர்ட்ரீயா? படிப்பவருக்கு அந்தச் சொல் ஒரு வாக்குறுதி. அடுத்து வரும் வாக்கியம் அதைக் காப்பாற்றவில்லை.

கட்டணம் பற்றிய வாக்கியத்தில் இன்னும் பெரிய சறுக்கல் இருக்கிறது. கரையோரப் பூந்தோட்டங்களில் கட்டணம் உண்டு என்பதை வேற்றுமையாகக் காட்டியிருக்கிறீர்கள். உண்மையில் அங்கே திறந்தவெளித் தோட்டங்களுக்குக் கட்டணம் கிடையாது. குளிரூட்டிய கண்ணாடிக் கூடங்கள் போன்ற சில பகுதிகளுக்குத்தான் சீட்டு எடுக்க வேண்டும். பூமலையிலும் அதே கதைதான்: உள்ளே நுழைவது இலவசம், நீங்களே குறிப்பிட்டிருக்கும் ஆர்க்கிட் தோட்டத்துக்கு மட்டும் கட்டணம். ஆக, நீங்கள் வேற்றுமை என்று எழுதியது ஓர் ஒற்றுமை. இது தகவல் போதாமையால் வந்த பிழை அன்று. இரண்டு இடங்களையும் பற்றிய தகவல் உங்கள் கையில் இருந்திருக்கிறது. ஒரே கேள்வியை இரண்டு இடத்திலும் கேட்காமல் விட்டதால் வந்த பிழை.

தேக்கா ஈரச்சந்தையில் ஞாயிற்றுக்கிழமை காலையில் வெண்டைக்காய் வாங்குகிறவர்களைக் கவனித்திருப்பீர்கள். ஒரு குவியலில் ஒரு காயை எடுத்து நுனியை ஒடித்துப் பார்ப்பார்கள்; பிறகு பக்கத்துக் குவியலிலும் ஒன்றை எடுத்து அதன் நுனியையும் ஒடித்துப் பார்ப்பார்கள். எது 'பட்'டென்று ஒடிகிறதோ அது பிஞ்சு. ஒரு குவியலில் நுனியை ஒடித்துவிட்டு, அடுத்த குவியலின் நிறத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்கிறவர் யாரும் இல்லை. நீங்கள் பத்தியில் அதைத்தான் செய்திருக்கிறீர்கள்: பூமலையின் வயதைப் பார்த்தீர்கள், கரையோரப் பூந்தோட்டங்களின் சூப்பர்ட்ரீகளை எண்ணினீர்கள். இரண்டிலும் நுனியை ஒடிக்கவில்லை.

இந்த 'நுனி'யை, அதாவது இரண்டு பொருளையும் அளக்கும் ஒரே அளவுகோலை, முதலில் எழுதிக்கொள்ள வேண்டும். பள்ளிகளில் ஒன்றையொன்று வெட்டும் இரண்டு வட்டங்களை வரையச் சொல்லிக் கொடுப்பார்கள். நடுவில் ஒற்றுமை, இரு பக்கமும் வேற்றுமை. வென் படம் என்று பெயர். எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. இடது வட்டத்தில் தோன்றியதையெல்லாம் எழுதலாம், வலது வட்டத்திலும் தோன்றியதையெல்லாம் எழுதலாம், இரண்டும் ஒன்றுக்கொன்று பதிலாக இருக்க வேண்டும் என்ற கட்டாயத்தை அந்தப் படம் விதிப்பதில்லை. உங்கள் பத்தி அப்படிப்பட்ட ஒரு படத்திலிருந்து பிறந்ததோ என்றுகூடச் சந்தேகப்படுகிறேன். அதற்குப் பதிலாக மூன்று நெடுவரிசைகள் கொண்ட ஓர் அட்டவணை போடுங்கள். நடு நெடுவரிசையில் கேள்வி, இடப்பக்கம் பூமலையின் விடை, வலப்பக்கம் கரையோரப் பூந்தோட்டங்களின் விடை. நடுவில் கேள்வி இல்லாமல் எந்தத் தகவலும் அட்டவணைக்குள் நுழையக்கூடாது. ஒரு பக்கம் காலியாக இருந்தால், அதை நிரப்புங்கள் அல்லது அந்த வரியையே அடித்துவிடுங்கள். யுனெஸ்கோ வரி அப்படி அடிபட வேண்டியதுதான்.

இனி உங்கள் மூன்றாவது கேள்விக்கு வருகிறேன், ஏனென்றால் அதற்கான விடை மற்ற இரண்டையும் தெளிவாக்கும். தமிழில் யோசிப்பது தவறு என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். ஒப்பீட்டைப் பொறுத்தவரை, உயர்நிலைப் பள்ளியில் நீங்கள் மனப்பாடம் செய்த அணியிலக்கணத்திலேயே இதற்கான முழு வரையறையும் இருக்கிறது. வேற்றுமையணி என்றால் என்ன? ஒப்புமை உடைய இரண்டு பொருள்களை எடுத்துக்கொண்டு, பிறகு அவற்றுக்குள் வேற்றுமை தோன்றச் சொல்வது. முதல் நிபந்தனை ஒப்புமை என்பதைக் கவனியுங்கள். ஒப்புமையே இல்லாத இரண்டுக்கு வேற்றுமை சொல்வதில் பொருள் இல்லை. மீனுக்கும் மின்விசிறிக்கும் உள்ள வேற்றுமையை யாரும் கேட்பதில்லை. அந்த அணிக்கு வகுப்பில் எப்போதும் காட்டப்படும் எடுத்துக்காட்டு உங்களுக்கும் நினைவிருக்கும்:

தீயினாற் சுட்டபுண் உள்ளாறும் ஆறாதே
நாவினாற் சுட்ட வடு.

ஏழு சீர்களுக்குள் ஓர் ஒப்பீட்டுப் பத்திக்கு வேண்டிய அனைத்தும் இருப்பதைப் பாருங்கள். தீயும் சுடுகிறது, நாவும் சுடுகிறது: இது ஒப்புமை, ஒரே வினைச்சொல்லை இரண்டு இடத்திலும் வைத்து வள்ளுவர் அதை நிறுவிவிடுகிறார். பட்ட காயம் ஆறுமா என்பது அளவுகோல். அதே கேள்வி இரண்டுக்கும் கேட்கப்படுகிறது. ஒன்று ஆறும், மற்றொன்று ஆறாது: இது வேற்றுமை. ஒன்றைப் புண் என்றும் மற்றொன்றை வடு என்றும் பெயர் மாற்றுவதிலேயே தீர்ப்பும் வந்துவிடுகிறது. எனக்கு இதில் மிகவும் பிடித்தது இன்னொன்று. இந்தக் குறளில் 'ஆனால்' இல்லை, 'மறுபுறம்' இல்லை, 'இருப்பினும்' இல்லை. ஓர் இணைப்புச் சொல்கூட இல்லாமல் வேற்றுமை பளிச்சென்று தெரிகிறது. இணைப்புச் சொற்கள் போதவில்லையா என்று கேட்டீர்கள். உங்கள் பத்தியில் அவை தேவைக்கு மேலாகவே இருக்கின்றன. அவை கட்டிப்போட வேண்டிய பொருள்தான் இல்லை.

அடுத்து, முதல் வாக்கியம். 'பல ஒற்றுமைகளும் வேற்றுமைகளும் உள்ளன' என்பதை உலகத்தில் உள்ள எந்த இரண்டு பொருளுக்கும் எழுதலாம். அந்த இடத்தில் உங்கள் முடிவு இருக்க வேண்டும்: அட்டவணையைப் பார்த்த பிறகு உங்களுக்கு என்ன தோன்றியது? நான் உங்களுக்காக அட்டவணையைப் போட்டுப் பார்த்தேன். எப்போது தொடங்கியது, எவ்வளவு பெரியது, நுழைவு எப்படி என்ற கேள்விகளுக்குக் கிடைத்த விடைகள் எங்கும் கொண்டுபோய்ச் சேர்க்கவில்லை. கரையோரப் பூந்தோட்டங்கள் நூறு ஹெக்டேருக்கு மேல், பூமலை 82 ஹெக்டேர். சரி, அதனால் என்ன? 'அதனால் என்ன' என்ற கேள்விக்கு விடை கிடைக்காத அளவுகோலைத் தயங்காமல் கைவிடலாம். பிறகு, 'இந்த ஊர் வெப்பத்தில் இவை எதை வளர்க்கின்றன?' என்று கேட்டேன். அங்கேதான் பத்தி பிறந்தது.

பூமலை, இந்த வெப்பத்தில் எது செழிக்கும் என்று தேடிப் பார்த்த இடம். 1877இல் இங்கிலாந்தின் கியூ தோட்டத்திலிருந்து ரப்பர் கன்றுகள் அங்கே வந்தன. 1888இல் பொறுப்பேற்ற ஹென்றி ரிட்லி, மரம் பட்டுப்போகாமல் திரும்பத் திரும்பப் பால் எடுக்கும் முறையை அங்கேதான் உருவாக்கினார். மலாயாவில் ரப்பர்த் தோட்டங்கள் பரவியதற்கும், நம்மில் பலருடைய முன்னோர்கள் பால்மரம் வெட்டக் கப்பலேறி வந்ததற்கும் அந்த முறைக்கும் தொடர்பு உண்டு. ஞாயிற்றுக்கிழமை அங்கே பாய் விரித்துப் புளிச்சோறு சாப்பிடுகிறவர்களில் எத்தனை பேர் அதை நினைக்கிறார்களோ தெரியாது. கரையோரப் பூந்தோட்டங்களின் மலர்க்கூடமோ, இந்த வெப்பத்தில் செழிக்காதவற்றை வளர்ப்பதற்காகவே கட்டப்பட்டது. மத்தியதரைக்கடல் பகுதிச் செடிகளுக்காகக் கண்ணாடிக்குள் காற்று குளிரூட்டப்படுகிறது. ஒன்று வெப்பத்தோடு உடன்படுகிறது, மற்றொன்று வெப்பத்தை வெளியே நிறுத்துகிறது. இனி உங்கள் பத்தி இப்படி அமையலாம்:

'பூமலையும் கரையோரப் பூந்தோட்டங்களும் எவரும் கட்டணமின்றி உலவக்கூடிய பெரிய பொதுத் தோட்டங்கள். இரண்டிலும் சில சிறப்புப் பகுதிகளுக்கு மட்டுமே சீட்டு வேண்டும். ஆனால் சிங்கப்பூரின் வெப்பத்தை அவை எதிர்கொள்ளும் விதம் வேறு. 1859இல் தொடங்கப்பட்ட பூமலை, இந்த வெப்பத்தில் செழிக்கும் செடிகளைத் தேடி வளர்த்தது. அங்கு வளர்ந்த ரப்பர் பின்னர் மலாயா முழுவதும் பரவியது. 2012இல் திறக்கப்பட்ட கரையோரப் பூந்தோட்டங்களோ, இந்த வெப்பம் தாங்காத செடிகளையும் குளிரூட்டிய கூடத்தில் வளர்த்துக் காட்டுகின்றன. பூமலையில் நிழல் தருபவை மண்ணில் வேரூன்றிய மரங்கள்; கரையோரப் பூந்தோட்டங்களில் கண்ணைக் கவரும் 'மரங்கள்' 25 முதல் 50 மீட்டர் உயரத்துக்கு எழுப்பிய கட்டுமானங்கள், அவற்றின்மேல்தான் செடிகள் ஏறுகின்றன. வெப்பமண்டலத்தின் இயல்பை அறிய விரும்புகிறவர் பூமலைக்கும், அதை மனிதர் எவ்வளவு மாற்ற முடியும் என்று காண விரும்புகிறவர் கரையோரப் பூந்தோட்டங்களுக்கும் செல்லலாம்.'

உங்கள் பழைய பத்தியில் இருந்த சூப்பர்ட்ரீ இதிலும் இருக்கிறது. ஆனால் இப்போது அதற்கு எதிரே ஒரு மரம் நிற்கிறது. ஆண்டுகளும் இருக்கின்றன, ஆனால் அவை இணையாக வருகின்றன. ஒளிக்காட்சி போய்விட்டது. அழகான தகவல்தான், இந்தப் பத்திக்கு அது வேண்டியதில்லை. இதை அப்படியே ஆங்கிலமாக்கிக் கொடுத்துவிடாதீர்கள். உங்கள் விரிவுரையாளருக்கு ரிட்லியைப் பற்றிய ஆர்வம் திடீரென்று எங்கிருந்து வந்தது என்று தோன்றிவிடும். உங்களுக்கென்று ஓர் அளவுகோலைத் தேடுங்கள்.

வரிசை பற்றி ஒரு சொல். ஒரு பொருளைப் பற்றி முழுவதும் சொல்லிவிட்டு மற்றதற்குப் போவதை பிளாக் முறை என்றும், ஒவ்வொரு கூறாக இரண்டையும் மாறி மாறிச் சொல்வதை பாயிண்ட் பை பாயிண்ட் முறை என்றும் பாடநூல்கள் சொல்லும். ஒரே பத்தி என்றால் இரண்டாவதைத்தான் பரிந்துரைப்பேன். பிளாக் முறையில் எழுதும்போது, பின்பாதி முன்பாதியின் அதே வரிசையில் போகாவிட்டால், பத்தி தானாகவே இரண்டு பட்டியலாகச் சரிந்துவிடும். உங்களுக்கு நேர்ந்தது அதுதான்.

இப்போது இணைப்புச் சொற்கள். இவற்றில் தமிழரான நமக்கென்றே சில குழிகள் உண்டு. 'ஹவெவர்' என்பதை நாம் 'ஆனால்' போலவே பயன்படுத்தி, ஒரு வாக்கியத்தை முடிக்காமல் காற்புள்ளி மட்டும் போட்டு அடுத்ததைத் தொடங்கிவிடுகிறோம். ஆங்கிலத்தில் 'பட்' இரண்டு வாக்கியங்களைக் காற்புள்ளியோடு கோக்கும், 'ஹவெவர்' கோக்காது. அதற்கு முன்னால் முற்றுப்புள்ளியோ அரைப்புள்ளியோ வேண்டும். 'வேரேஸ்' (whereas) இதற்கு நேரெதிர். அது தனியாக நிற்காது. ஒரே வாக்கியத்துக்குள் இரண்டு பகுதிகளையும் எதிரெதிரே நிறுத்துவதற்குத்தான் அது இருக்கிறது. அதை வைத்து ஒரு வாக்கியத்தைத் தொடங்கி, ஒரே பகுதியோடு முற்றுப்புள்ளி வைத்தால், அந்த வாக்கியம் ஒற்றைக்காலில் நிற்கும். 'வைல்' என்பதும் அப்படித்தான். ஒப்பீட்டுப் பத்திக்கு இந்த இரண்டு சொற்களும் மிகவும் உதவும், ஏனென்றால் எதிர்ப்பக்கத்தையும் அதே வாக்கியத்தில் எழுதியே தீரவேண்டும் என்று அவை உங்களைக் கட்டாயப்படுத்தும். இணை இல்லாத தகவல் உள்ளே நுழைய வழியே இருக்காது.

'மாறாக' என்ற தமிழ்ச் சொல் இன்னொரு குழி. 'அவர் கோபப்படவில்லை, மாறாக, சிரித்தார்' என்கிறோம். 'அண்ணன் நிறையப் பேசுவார். அதற்கு மாறாக, தம்பி வாயே திறக்கமாட்டார்' என்றும் சொல்கிறோம். தமிழுக்கு ஒரே சொல் போதும். ஆங்கிலத்தில் முதலாவது 'ஆன் தி கான்ட்ரரி', இரண்டாவது 'இன் கான்ட்ராஸ்ட்'. முதலாவது, முன்னால் சொல்லப்பட்ட கருத்தை மறுப்பது. இரண்டாவது, இரண்டு பொருள்களின் வேற்றுமையைக் காட்டுவது. ஒப்பீட்டுப் பத்தியில் உங்களுக்கு வேண்டியது பெரும்பாலும் இரண்டாவதுதான். அலுவலக மின்னஞ்சல்களில் இவை இடம் மாறிக் கிடப்பதை வாரம் ஒரு முறையாவது பார்க்கிறேன்.

'சேம் லைக்' என்று நம் மக்கள் பேச்சில் சொல்வது, 'அதே மாதிரி' என்பதன் நேர் நகல். காப்பிக்கடையில் யாரும் குறை சொல்லமாட்டார்கள். எழுத்தில் 'சேம் ஆஸ்' என்றோ 'சிமிலர் டு' என்றோ இருக்க வேண்டும். இரண்டும் ஒன்றல்ல என்பதையும் மனத்தில் வையுங்கள், முன்னது அச்சு அசலாக ஒன்று, பின்னது ஏறத்தாழ ஒன்று.

உங்கள் இரண்டு இலக்கணப் பிழைகளையும் கடைசிக்கு வைத்திருந்தேன். நீங்கள் எழுதியிருந்தது: 'தி ஏரியா ஆஃப் கார்டன்ஸ் பை தி பே இஸ் மோர் பிக்கர் தேன் தி பொட்டானிக் கார்டன்ஸ்.' 'மோர் பிக்கர்' எங்கிருந்து வருகிறது என்பது எளிது. தமிழில் பெரிய, சிறிய, நல்ல என்ற சொற்கள் ஒப்பீட்டுக்காக உருமாறுவதில்லை. 'விட' என்பதே முழுச் சுமையையும் தாங்கிக்கொள்கிறது, அழுத்தம் வேண்டுமானால் 'இன்னும்' சேர்ப்போம். அந்த 'இன்னும்'தான் ஆங்கிலத்தில் 'மோர்' ஆகி, ஏற்கெனவே உருமாறிய சொல்லின் தலையில் ஏறி உட்கார்ந்துவிடுகிறது.

இரண்டாவது பிழை நுட்பமானது, பட்டதாரிகளும் செய்வது. அந்த வாக்கியம் ஒரு பரப்பளவை ஒரு தோட்டத்தோடு ஒப்பிடுகிறது. தமிழில் 'இதன் பரப்பளவு பூமலையைவிடப் பெரியது' என்றால் எவருக்கும் உறுத்தாது. 'தஞ்சாவூரைவிட இங்கே வாடகை அதிகம்' என்று நாம் நாள்தோறும் சொல்கிறோம், கேட்பவர் ஊரோடு வாடகையை ஒப்பிடுவதாக எண்ணிக் குழம்புவதில்லை. விடுபட்டதைத் தமிழ் கேட்பவரிடமே விட்டுவிடுகிறது. எழுத்து ஆங்கிலம் விடுவதில்லை. பரப்பளவுக்கு எதிரே பரப்பளவுதான் நிற்க வேண்டும். திரும்பச் சொல்ல விருப்பமில்லாவிட்டால் அதன் இடத்தில் 'தேட் ஆஃப்' என்று வைக்க வேண்டும்: '...இஸ் லார்ஜர் தேன் தேட் ஆஃப் தி பொட்டானிக் கார்டன்ஸ்.' பன்மைப் பொருளானால் 'தோஸ் ஆஃப்'. இதுவும் வெண்டைக்காய் விவகாரம்தான். நுனிக்கு எதிரே நுனி. அல்லது, பரப்பளவு என்ற சொல்லையே விட்டுவிட்டு, இந்தத் தோட்டம் அந்தத் தோட்டத்தைவிடப் பெரியது என்று எழுதிவிடுங்கள், தொல்லை இல்லை. போகிற போக்கில் இன்னொன்று: 'தேன்' என்ற இந்தச் சொல்லை 'பிறகு' என்று பொருள்படும் 'தென்' என்ற சொல்லின் எழுத்துகளோடு குழப்புகிறவர்கள் பலர். நீங்கள் குழப்பவில்லை.

தமிழில் யோசிப்பது பற்றிய விடை இப்போது முழுமையாகிறது. எந்த அளவுகோல், எது ஒற்றுமை, எது வேற்றுமை, அதனால் என்ன என்பதையெல்லாம் தமிழிலேயே யோசியுங்கள். அட்டவணையைத் தமிழிலேயே நிரப்புங்கள். வாக்கியத்தை மட்டும் ஆங்கிலத்தில் தொடங்கி ஆங்கிலத்தில் முடியுங்கள். 'விட', 'மாதிரி', 'மாறாக' ஆகிய மூன்றும் வரும் இடங்களில் ஒரு கணம் நின்று பாருங்கள். நம்மவர்கள் ஒப்பீட்டுப் பத்தியில் செய்யும் பிழைகளில் பெரும்பாலானவை அங்கேதான் ஒளிந்திருக்கின்றன.

விரிவுரையாளர் தந்திருக்கும் ஒரு வாரத்தில் முதல் இரண்டு மாலைகளை அட்டவணைக்கே கொடுங்கள். எழுத்துக்கு ஒரு மாலை போதும். அடுத்த நாள் ரயிலில் போகும்போது, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் இணை இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். 'இரண்டுமே அழகான இடங்கள்' என்ற கடைசி வாக்கியம் அந்தச் சோதனையில் தானாக விழுந்துவிடும்.

இடத்தை மாற்றிக்கொள்ள அவர் அனுமதிப்பாரானால், தோட்டங்களை விட்டுவிடுங்கள் என்பேன். உங்கள் கடிதத்தின் தொடக்கத்தை மறுபடி படித்துப் பாருங்கள். தங்குவிடுதியில் பன்னிரண்டு பேர், தூங்கும்வரை பேச்சுத் துணை. வாடகை அறையில் நீங்கள் மட்டும், படிக்க வசதி, நீளமான ஞாயிற்றுக்கிழமை. இரண்டும் தங்குமிடம் என்ற ஒப்புமை இருக்கிறது. உடன் யார் இருக்கிறார்கள் என்ற ஒரே அளவுகோல் இரண்டுக்கும் பொருந்துகிறது. எதைப் பெற்று எதை இழந்தீர்கள் என்ற முடிவும் சொல்லாமலே தெரிகிறது. இணையத்தில் தேட வேண்டிய தகவல் ஒன்றுமில்லை. 'வேரேஸ்' என்ற சொல்லை நடுவில் வைத்து, முதல் பக்கத்தில் அந்தப் பன்னிரண்டு பேரையும் இரண்டாம் பக்கத்தில் அந்த ஞாயிற்றுக்கிழமையையும் நிறுத்தி ஒரே வாக்கியமாக எழுதிப் பாருங்கள். எழுதியதை எனக்கும் அனுப்புங்கள். காற்புள்ளி சரியான இடத்தில் விழுந்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறேன்.